பித்தப்பைப் புற்றுநோய்: கங்கைக் கரையும் அமராவதிக் கரையும்

இந்தியப் பெண்களின் புற்றுநோய்க் கணக்கை வடக்கு, தெற்கு என்று பிரித்து வைத்துப் பார்த்தால், பித்தப்பைப் புற்றுநோய் என்ற வரியில் எண்கள் சட்டென்று மாறிவிடும். டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், அசாம் என்று கங்கையும் பிரம்மபுத்திராவும் பாயும் சமவெளியில் லட்சம் பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 பேருக்கு இந்த நோய் கண்டறியப்படுகிறது. சில பதிவேடுகளில் அதற்கும் மேல். சென்னை போன்ற தென்னகப் பதிவேடுகளில் அந்த எண் 1-ஐ ஒட்டியே நிற்கிறது. வாரணாசியிலும் குவாஹாட்டியிலும் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருக்கும் ஒரு நோய், சென்னையில் முதல் பத்து இடங்களுக்குள் வருவதே இல்லை. ஒரே நாடு, ஒரே மருத்துவப் பாடத்திட்டம், ஆனால் நோயோ ஊரைப் பார்த்து வருகிறது.

உலக அளவில் இது அரிய புற்றுநோய்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் சுமார் 1.22 லட்சம் பேருக்கு இது புதிதாக வந்தது. சுமார் 89 ஆயிரம் பேர் இறந்தனர். நோய் வந்தவர்களின் எண்ணிக்கையும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே இதன் கொடுமையைச் சொல்லிவிடும். இந்தியாவின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 ஆயிரம், அதாவது உலகில் ஆறில் ஒரு பங்கு. லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தின் அறுவை மருத்துவர் வி.கே. கபூரும் ஏ.ஜே. மெக்மைக்கேலும் 2003இல் எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே இதை ஓர் 'இந்திய' நோய் என்று குறிப்பிட்டது. துல்லியமாகச் சொன்னால் இது வட இந்திய நோய்.

இந்தியாவுக்கு வெளியே இதே அளவுக்கு இந்த நோய் வேரூன்றிய இடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டிய நாடுகள். சிலி, பொலிவியா இரண்டும் உலகப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. சிலியின் தென்பகுதியில் வாழும் மப்புச்சே பழங்குடிப் பெண்களிடம் இது மிக அதிகம். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பூர்வகுடிகளிடமும் அப்படியே. ஆசியாவில் நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகியவை வட இந்தியாவோடு சேர்ந்துகொள்கின்றன. மேற்கு ஐரோப்பாவில் இதைப் பார்ப்பது அரிது.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றங்கரையில் நெல்லும் கரும்பும் தென்னையுமாக இருக்கும் கணியூருக்கு, இந்தக் கணக்கின்படி இந்த நோயோடு பெரிய தொடர்பு எதுவும் இருக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருந்தால் அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்திருக்கும். இன்று திருப்பூரின் பனியன் கம்பெனிகள், பல்லடம் பக்கத்து விசைத்தறிகள், உடுமலை, மடத்துக்குளம் வட்டாரத்து நூற்பாலைகள், கோழிப்பண்ணைகள் எல்லாவற்றிலும் பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நோய் அதிகமுள்ள சமவெளியில் பிறந்து வளர்ந்த மக்கள், நோய் குறைவாக உள்ள மண்ணில் குடியேறியிருக்கிறார்கள். பித்தப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமல்ல. அது ஏன் என்று புரிந்துகொள்ள, நோயின் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லீரலின் அடிப்பக்கத்தில், வலது விலா எலும்புகளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை பித்தப்பை. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கும் பித்தநீரில் ஒரு பகுதி இங்கே வந்து தேங்கி, நீர் உறிஞ்சப்பட்டு அடர்த்தியாகிறது. கொழுப்பு உணவு குடலுக்குள் இறங்கியதும் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் தள்ளுகிறது. ஆரோக்கியமான பித்தப்பையின் சுவர் 3 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. குடலில் இருப்பது போன்ற உள் இணைப்பு அடுக்கு இதில் கிடையாது. கல்லீரலைத் தொடும் பக்கத்தில் மேலுறையும் இல்லை. அதனால் உட்புறச் சவ்வில் தொடங்கும் கட்டி, தசையைத் தாண்டிய உடனே கல்லீரலுக்குள் இறங்கிவிடுகிறது. பக்கத்திலேயே பித்தக் குழாய், கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள், நிணநீர்க் கணுக்கள். இந்த நோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே வெளிப்படுவதற்கு இந்த உடற்கூறும் ஒரு காரணம்.

இந்த நோயோடு மிக நெருக்கமாகச் சேர்த்துப் பேசப்படுவது பித்தப்பைக் கல். பித்தப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் 70 முதல் 90 விழுக்காட்டினருக்குக் கல்லும் இருக்கிறது. இதைக் கேட்டதும் கல் உள்ளவர்கள் நடுங்க வேண்டியதில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், கல் உள்ள நூறு பேரில் ஒருவர் முதல் மூவருக்கே வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது. ஆனால் எல்லாக் கல்லும் ஒன்றல்ல. 3 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்த கல், பல ஆண்டுகளாக உள்ளே கிடக்கும் கல் இரண்டும் அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகின்றன. கல் நாள்தோறும் உரசி, சவ்வு புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகிற நீண்ட அழற்சியில் உயிரணுக்கள் உருமாறுகின்றன. இது முடிய பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

கல் விஷயத்திலும் இந்தியா இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது. ரயில்வே மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, இந்திய ரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே நிறுவனம், ஒரே மாதிரியான வேலை, ஒரே மருத்துவ வசதி. இருந்தும் வடக்கில் உள்ள ஊழியர்களிடம் பித்தப்பைக் கல் தெற்கைவிட ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. நோய்ப்பரவல் ஆய்வுக்கு இப்படியொரு இயற்கையான களம் கிடைப்பது அரிது. கல்லின் தன்மையும் வேறு. வடக்கில் கொலஸ்ட்ரால் மிகுந்த கற்கள். தெற்கில் நிறமிக் கற்கள் அதிகம். இரண்டாவது வகை சிறியது, கறுப்பு அல்லது பழுப்பு நிறமானது. புற்றுநோயோடு அவ்வளவாகத் தொடர்புபடுத்தப்படாதது.

வடக்கில் கல் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை வீடு வீடாகச் சென்று பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தின் சயீத் உனிசாவும் சக ஆய்வாளர்களும் பீகாரின் வைஷாலி, உத்தரப் பிரதேசத்தின் வாரணாசி ஆகிய மாவட்டங்களில் 60 கிராமங்களுக்குப் போய், 30 வயதைத் தாண்டிய 22,861 பேருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள். 4.15 விழுக்காட்டினருக்குக் கல் இருந்தது. பெண்களில் 5.59 விழுக்காடு, ஆண்களில் 1.99 விழுக்காடு.

இந்த ஆண், பெண் வேறுபாடு புற்றுநோயிலும் அப்படியே வருகிறது. இந்தியாவில் ஓர் ஆணுக்கு இந்த நோய் வந்தால் இரண்டு பெண்களுக்கு வருகிறது. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் மிகும் புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. தேங்கிய பித்தநீரில் கல் கட்டுகிறது. இளம் வயதில் திருமணம், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, உடல் பருமன் எல்லாம் இதோடு சேர்ந்துகொள்கின்றன. மேலை நாடுகளில் பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வரும் நோய், வட இந்தியாவில் ஐம்பதுகளிலேயே, சிலருக்கு நாற்பதுகளிலேயே வந்துவிடுகிறது. வீட்டுப் பொறுப்பெல்லாம் தலையில் இருக்கும் வயது அது. தன் வயிற்று வலியைக் கடைசியாகக் கவனிக்கும் வயதும் அதுதான்.

கல் மட்டும் காரணமென்றால், கல் உள்ள எல்லா ஊரிலும் புற்றுநோய் ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்படி இல்லாததால், கங்கைச் சமவெளியில் வேறு என்ன இருக்கிறது என்ற தேடல் அரை நூற்றாண்டாக நடக்கிறது.

முதல் சந்தேகம் டைபாய்டு. காய்ச்சல் தீர்ந்த பிறகும் ஒரு சிறு பகுதியினரின் பித்தப்பையில் டைபாய்டுக் கிருமி ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். கல் இருந்தால் அதன் மேல் படலமாகப் படர்ந்து, மருந்துக்குப் பிடிகொடுக்காமல் தங்கிவிடும். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் 1964இல் டின்னில் அடைத்த மாட்டிறைச்சியால் டைபாய்டு பரவியது. அப்போது பாதிக்கப்பட்டவர்களையும், கிருமியை நிரந்தரமாகச் சுமந்தவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994இல் வெளியானது. காய்ச்சல் வந்து போனவர்களுக்குக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. கிருமியைச் சுமந்தவர்களிடம் பித்தப்பைப் புற்றுநோய் 167 மடங்கு. எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த 167-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. வாரணாசியில் நடந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின.

ஆனாலும் டைபாய்டை மட்டும் வைத்து இந்திய வரைபடத்தை விளக்கிவிட முடியாது. டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய நான்கு நகரங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான பெரிய ஆய்வில், டைபாய்டு மிக அதிகமாக இருந்தது வேலூரில். தமிழ்நாட்டிலும் டைபாய்டு இருக்கிறது. அந்த அளவுக்குப் பித்தப்பைப் புற்றுநோய் இல்லை. கிருமிக்குத் துணையாக இன்னும் ஏதோ தேவைப்படுகிறது.

கடுகு எண்ணெய் அடுத்த சந்தேகம். நோய் அதிகமுள்ள மாநிலங்களின் பட்டியலும் கடுகு எண்ணெயில் சமைக்கும் மாநிலங்களின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. அந்த எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலப்படம் செய்யப்படுவதுண்டு. 1998இல் டெல்லியில் பலரைக் கொன்ற கலப்படம் அது. அதில் உள்ள நச்சுப்பொருள் பித்தப்பைச் செல்களைக் கெடுக்கிறதா என்று ஆராய்ந்து வருகிறார்கள். மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு, கடுகு எண்ணெயை அதிகம் பயன்படுத்துவோரிடம் ஓரளவு கூடுதல் அபாயத்தையே காட்டியது. எண்ணெய் ஒன்றே காரணம் என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதல்ல. கொங்கு நாட்டில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் சமையலில் புழங்குகின்றன. ரசத்துக்குக் கடுகு தாளிப்பதை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாவது, நிலத்தடி நீரில் உள்ள ஆர்செனிக். இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இயற்கையாகவே இது இருக்கிறது. அடிகுழாய்கள் பெருகிய பிறகு, ஆற்றுநீரும் கிணற்றுநீரும் குடித்த மக்கள் ஆர்செனிக் கலந்த அடிகுழாய் நீருக்கு மாறினார்கள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது அனுமதிக்கப்பட்ட எல்லை. பாட்னா மகாவீர் புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் நோயாளிகளின் உடலில் ஆர்செனிக்கை அளந்து எழுதியிருக்கிறார்கள். அசாமிலும் பீகாரிலும் நடந்த மற்றொரு ஆய்வு, பல்லாண்டு காலம் இந்த நீரைக் குடித்தவர்களிடம் நோய் ஏறத்தாழ இரு மடங்கு என்றது. அமராவதிப் படுகை பாறை நிலம். கங்கைச் சமவெளியின் வண்டல் நீர்ப்பிரச்சினை இங்கே கிடையாது. இந்த மூன்று சந்தேகங்களில் நீர்தான் அதிகக் கவனத்துக்குரியது என்று தோன்றுகிறது. உணவுப் பழக்கத்தை மாற்றச் சொல்வது கடினம்; குடிநீரைச் சரிசெய்வது அரசின் கையில் இருக்கும் வேலை.

மரபணுவுக்கும் பங்குண்டு. டாடா மையத்தின் ஷரயு மாத்ரே, ராஜேஷ் தீட்சித் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஏழாவது குரோமோசோமில் பித்தநீருக்குள் கொழுப்பைக் கடத்தும் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களின் அருகே, இந்த நோயோடு தொடர்புடைய மாறுபாடுகளைக் கண்டுபிடித்தது. பித்தநீரின் சேர்மானமே சிலருக்குப் பிறவியிலிருந்து வேறு மாதிரி அமைந்துவிடுகிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

திருப்பூர் வட்டாரத்துக்கு நேரடியாகப் பொருந்துவது அதே குழுவின் 2016ஆம் ஆண்டு ஆய்வு. மும்பை டாடா மருத்துவமனைக்கு நாடு முழுவதிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அவர்களிடம் பிறந்த ஊர் எது, எத்தனை ஆண்டுகள் எங்கெங்கே வாழ்ந்தார்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். நோய் மிகுந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளில் பிறந்தவர்களுக்கு, மற்ற பகுதிகளில் பிறந்தவர்களைவிட அபாயம் நான்கு முதல் ஐந்து மடங்கு இருந்தது. அந்தப் பகுதியில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக் கூட அபாயமும் கூடியது. அப்படியானால், இருபது வயதில் பீகாரிலிருந்து புறப்பட்டவர் கொண்டுவருவது இருபது ஆண்டு நீரையும் உணவையும் நோய்த்தொற்றையும், கூடவே பெற்றோர் தந்த மரபணுவையும். அங்கேயே அறுபது வயது வரை இருப்பவரைவிட அவருக்கு அபாயம் குறையலாம். தமிழ்நாட்டில் பிறந்தவரின் அளவுக்கு வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாடு தன் புற்றுநோய்களை எண்ணிப் பார்ப்பதில் நாட்டின் முன்னோடி மாநிலங்களில் ஒன்று. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1981இல் சென்னைப் பதிவேடு தொடங்கியது. கணியூருக்கு இன்னும் பக்கத்தில், எல்லையை ஒட்டிய திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மருத்துவமனையோடு சேர்ந்து 2003இல் கிராமப்புறப் பதிவேடு ஒன்றும் தொடங்கப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோயை எளிய பரிசோதனையால் குறைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு நடந்ததும் அதே மாவட்டத்தில்தான். 2012 முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் நடக்கிறது. இவை சொல்லும் சித்திரம் ஒன்றே: பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும், ஆண்களுக்கு இரைப்பையும் வாயும் நுரையீரலும். பித்தப்பை எங்கோ அடியில்.

இந்தப் பதிவேடுகளில் புலம்பெயர்ந்த தொழிலாளி முழுமையாகப் பதிவாவதில்லை. ஒரு பகுதியில் குறைந்தது ஓராண்டாவது வசிப்பவரையே அந்தப் பகுதியின் கணக்கில் சேர்ப்பது விதி. விதியில் குற்றமில்லை; வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களைச் சேர்த்தால் கணக்கே தவறாகிவிடும். ஆனால் தொழிலாளியின் வாழ்க்கை வேறு மாதிரி நகர்கிறது. உடம்பு திடமாக இருக்கும்வரை மில்லில் வேலை. முடியாமல் போனால் ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறார். நோய் பிறந்த மாநிலத்தில் கண்டறியப்படுகிறது, அல்லது கண்டறியப்படாமலே போகிறது. திருப்பூரின் ஏட்டில் அவர் வருவதில்லை. இப்போது வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள் என்பதால் நோய் இன்னும் கண்ணில் படவில்லை. குடும்பத்தோடு வந்து, வாடகை வீடெடுத்து, பிள்ளைகளை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்த்திருப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் நாற்பதைக் கடக்கும்போது இங்கேதான் இருப்பார்கள். அவர்களைப் பார்க்கப்போவது இங்குள்ள மருத்துவர்கள்.

சாயப்பட்டறைகள் உள்ள வட்டாரம் என்பதால் ஒரு விளக்கம் தேவை. சாயத் தொழிலோடு நூறாண்டுக்கு மேலாகத் தொடர்புபடுத்தப்படுவது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். 1895இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களிடம் அதைக் கண்டு எழுதினார். அது வேறு உறுப்பு, வேறு நோய். சிறுநீரில் ரத்தம் போவது அதன் அறிகுறி.

பித்தப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளோ ஏமாற்றுபவை. வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி, சாப்பிட்ட பிறகு உப்புசம், குமட்டல், பசியின்மை, காரணமில்லாத இளைப்பு. பஞ்சாலைப் பகுதிகளில் மூன்று ஷிப்டு வேலை பார்த்து, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடும் எவருக்கும் இதில் பாதி இருக்கும். மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்திவிடுவார்கள். அடுத்து வருவது காமாலை. நம் ஊர்களில் காமாலை என்றதும் கீழாநெல்லியையும், நாட்டு மருந்து கொடுக்கும் இடத்தையும்தான் முதலில் நினைப்பார்கள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும் என்பதால் அந்த மருந்துக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. அடைப்பால் வரும் காமாலை இறங்காது. மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகும். சிறுநீர் அடர்ந்த பழுப்பாகும். தூங்கவிடாத அளவுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் அது பத்தியம் இருந்து பார்க்கும் காமாலை அல்ல. ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே இந்த நோய்க்கு முதல் வாசல். காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். சாப்பிட்டால் பை சுருங்கி உள்ளே இருப்பது தெரியாமல் போகும். படுத்திருப்பவரை இடப்பக்கம் ஒருக்களித்துத் திரும்பச் சொல்வது எதற்கென்று பலருக்குத் தெரியாது. கல்லாக இருந்தால் திரும்பும்போது உருண்டு தாழ்ந்த பக்கத்துக்குப் போகும். சுவரிலிருந்து முளைத்த கட்டி அசையாது. சுவர் ஓரிடத்தில் மட்டும் தடித்திருந்தாலும், 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மொட்டு ஒன்று தெரிந்தாலும் சி.டி. ஸ்கேனுக்குப் போக வேண்டும். பித்தப்பையும் கல்லும் சேர்ந்து தெரிகிற படத்தில், 'கல் இருக்கிறது' என்ற ஒரு வரியோடு அறிக்கை முடிந்துவிடக் கூடாது. சுவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் கேட்பது நல்லது. நோயாளி எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லி அனுப்புவதற்கு ஒரு செலவும் இல்லை. படத்தைப் பார்க்கும் கண்ணே அதனால் மாறும்.

பலருக்கு இந்த நோய் தற்செயலாகவே தெரியவருகிறது. கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்த பிறகு, நூறில் ஒருவர் என்ற கணக்கில், வெட்டி எடுத்த பையில் புற்றுநோய் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது நோய்க்குறியியல் மருத்துவரின் மேசையில். பையை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, கழுவி, பச்சையும் மஞ்சளுமான உட்புறச் சவ்வை விரலால் தடவிப் பார்ப்பார்கள். வெல்வெட் போல மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு திட்டு கெட்டிப்பட்டு நெருடினால், அங்கிருந்து துண்டெடுத்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். செலவைக் கருதி, எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் கல்லை மட்டும் ஒரு டப்பியில் போட்டுக் குடும்பத்தாரிடம் காட்டி முடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது கைவிடப்பட வேண்டிய வழக்கம். அந்தச் சோதனைக்கான தொகை அறுவைச் சிகிச்சையின் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கு.

அந்தச் சோதனையின் முடிவில்தான் பிழைப்பதும் பிழைக்காததும் இருக்கிறது. புற்று உட்சவ்வோடு நின்றிருந்தால், பையை எடுத்ததே போதும். அப்படிப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். தசைக்குள் இறங்கியிருந்தால் இரண்டாவது அறுவை வேண்டும்: பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுப்பார்கள். தாமதமாகி நோய் பரவிவிட்டால் அறுவைக்கு இடமில்லை. ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஒரு மருந்தை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2010இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது; ஆனால் அதன் பலன், சராசரி ஆயுள் 8.1 மாதத்திலிருந்து 11.7 மாதமானது மட்டுமே. அண்மையில் சேர்ந்த நோயெதிர்ப்பு மருந்துகள் இதை இன்னும் சிறிது நீட்டியிருக்கின்றன. இந்தியாவில் மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வருவது இந்தக் கடைசிக் கட்டத்தில்.

நோயை வருமுன் தடுக்கத் துணிந்த நாடு சிலி. கல் இருந்து தொந்தரவும் உள்ள 35 முதல் 49 வயது வரையிலானவர்களுக்கு, புற்றுநோய்த் தடுப்பாகப் பித்தப்பையை அகற்றும் அறுவையைச் சட்ட உரிமையாகவே 2006இல் சேர்த்தது. காத்திருப்புக்குக் கால வரம்பும் வைத்தது. பித்தப்பை அறுவைகள் குறைந்த காலத்தில் அங்கே இந்தப் புற்றுநோயால் இறப்பவர்கள் கூடியதைப் பார்த்துக் கற்ற பாடம் அது. கங்கைச் சமவெளியில் அதைப் பின்பற்றலாமா என்ற விவாதம் இந்திய மருத்துவர்களிடையே நடக்கிறது. கல் உள்ளவர்களின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருக்க, எல்லாருக்கும் கத்தி வைப்பது நடக்கிற காரியமல்ல. ஒவ்வொரு அறுவையிலும் பித்தக் குழாய் காயப்படும் சிறு அபாயமும் உண்டு. பெரிய கல், தடித்த சுவர், குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருப்பது, நோய் மிகுந்த பகுதியில் பிறந்தது என்று தேர்ந்தெடுத்துச் செய்வதே நடைமுறைக்கு ஏற்றதாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் பிறந்து, தொந்தரவு இல்லாத சிறு கல் ஒன்று ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தவர், புற்றுநோய்ப் பயத்தால் மட்டும் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை.

செலவுக்கு வழி இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளி எந்த மாநிலத்தவராக இருந்தாலும், அவர் வேலை செய்யும் நிறுவனம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தால் அவருக்கும் குடும்பத்துக்கும் அதில் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அட்டையைச் சொந்த ஊரில் வாங்கியிருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் இங்கேயே காட்டலாம். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர்களில் பலருடைய இ.எஸ்.ஐ. எண் ஒப்பந்ததாரரின் கோப்பில்தான் இருக்கிறது, அவர்கள் கையில் இருப்பதில்லை. வேலையில் சேர்ந்த மாதத்திலேயே அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, ஊரில் இருக்கும் மனைவி, பிள்ளைகள் பெயரையும் அதில் சேர்த்துவிட்டால், ஸ்கேனுக்கும் அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கும் ரயிலேறிப் போக வேண்டியிராது.